பாஸ்கலைப் புதுசா படிக்கப் போறீங்களா? எங்க ஆரம்பிச்சு எப்படிப் போகணும்

பாஸ்கல்னு சொன்னா ஆளுக்கு ஒண்ணு ஞாபகம் வரும். இயற்பியல் படிச்சவங்களுக்கு ஹைட்ராலிக் ஜாக், பதினொண்ணாவதுல ஈருறுப்புத் தேற்றம் போட்டவங்களுக்கு அந்த எண் முக்கோணம், பழைய கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு 1970ல வந்த ஒரு புரோகிராமிங் லாங்குவேஜ், தத்துவம் பேசறவங்களுக்கு "கடவுள் இருக்கார்னு பந்தயம் கட்டு"ங்கற வாதம். இதெல்லாம் ஒரே ஆள் பேர்ல இருக்கு, அந்த ஆள் 39 வயசுல செத்துப்போனவர், அதுலயும் பாதி வருஷம் உடம்பு சரியில்லாமலே இருந்தவர். முழுப் பேர் பிளேஸ் பாஸ்கல், 1623 ஜூன் 19ல பிரான்ஸ்ல கிளேர்மோன்ங்கற ஊர்ல பொறந்தவர்.

புதுசா வர்றவங்க பெரும்பாலும் ரெண்டு தப்புல ஒண்ணைப் பண்றாங்க. கணக்கு ஆளுங்க கணக்கை மட்டும் எடுத்துக்கிட்டு "அப்புறம் மதத்துல விழுந்து வீணாப் போயிட்டார்"னு முடிச்சிடறாங்க. மத ஆளுங்க "சிந்தனைகள்" புத்தகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு அவரு ஒரு பக்திமான்னு முடிச்சிடறாங்க. நானும் முதல் தடவை அந்தப் புத்தகத்தைத் தான் முதல்ல வாங்கினேன், நாப்பது பக்கம் தாண்டல, ஒவ்வொரு வரியும் நல்லா இருந்துச்சு ஆனா எதுக்கு யார்கிட்ட சொல்றார்னு பிடிபடவே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு அவரோட பகடைக் கணக்கை பேப்பர்ல போட்டுப் பாத்த பிறகு திரும்ப எடுத்தேன், அப்போ அதே பக்கங்கள் வேற மாதிரி பேசுச்சு. அதனால நான் சொல்ற வரிசை இதுதான், முதல்ல கையால செஞ்சு பாருங்க, அப்புறம் படிங்க. ஒரு நோட்டு, ரெண்டு லூடோ டைஸ், மெடிக்கல் ஷாப்ல ரெண்டு சிரிஞ்ச் (ஒண்ணு 5 மில்லி, ஒண்ணு 20 மில்லி), மீன் தொட்டிக்குக் காத்து போற டியூப் ஒரு முழம். இவ்வளவு போதும், ஞாயித்துக்கிழமை மட்டும் ஒதுக்கினா கூட மூணு மாசத்துல முடிச்சிடலாம்.

முதல் படி: குடும்பத்தைத் தெரிஞ்சுக்குங்க

நோட்டுல முதல் பக்கத்துல அஞ்சு பேரை எழுதிக்குங்க, கடைசி வரைக்கும் இவங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. அப்பா எத்தியேன், வரி சம்பந்தமான கோர்ட்ல அதிகாரி, கணக்குல ஆர்வம் உள்ளவர். அம்மா 1626லயே இறந்துட்டாங்க, பாஸ்கலுக்கு அப்போ மூணு வயசு. அக்கா ஜில்பேர்த், தங்கச்சி ஜாக்லீன். அக்கா வீட்டுக்காரர் ஃப்ளோரின் பெரியே. 1631ல அப்பா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பாரிஸ் போயிட்டார், பையனை ஸ்கூலுக்கே அனுப்பல, தானே சொல்லிக் கொடுத்தார்.

இதுல ஒரு விஷயம் எல்லாருக்கும் பிடிக்கும். மத்த பாடம் கெட்டுப்போகும்னு அப்பா கணக்குப் புத்தகத்தையே கண்ணுல காட்டாம வச்சிருந்தாராம். பையன் தரையில கரியால கோடு போட்டு, கோட்டுக்குக் கம்பின்னும் வட்டத்துக்கு ரவுண்டுன்னும் சொந்தமா பேர் வச்சு, முக்கோணத்தோட மூணு கோணமும் சேந்தா ரெண்டு செங்கோணம்ங்கறது வரைக்கும் போயிட்டான், வயசு பன்னெண்டு. இதை எழுதி வச்சது ஜில்பேர்த். தம்பி மேல உயிரா இருந்த அக்கா எழுதினதுங்கறதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க, ஆனா நாலு வருஷம் கழிச்சு அவர் செஞ்சது ஊரே பாத்தது. பதினாறு வயசுல, ஒரு வட்டத்துக்குள்ளயோ நீள்வட்டத்துக்குள்ளயோ ஒரு அறுகோணம் வரைஞ்சு எதிர் எதிர் பக்கங்களை நீட்டினா அவை சந்திக்கிற மூணு புள்ளியும் ஒரே நேர்கோட்டுல வரும்னு கண்டுபிடிச்சார். ஸ்கேல், காம்பஸ் எடுத்து நீங்களே வரைஞ்சு பாருங்க. அறுகோணம் எவ்வளவு கோணல்மாணலா இருந்தாலும் அந்த மூணு புள்ளி வரிசையில நிக்கும். அப்போ பேர்பெற்ற தத்துவவாதியும் கணித அறிஞருமா இருந்த தேகார்த்துக்கு இந்தத் தகவல் போனப்போ ஒரு சின்னப் பையன் இதைச் செஞ்சிருக்க முடியும்னு அவர் நம்பவே இல்ல.

ரெண்டாவது படி: கணக்கு மெஷினைப் புரிஞ்சுக்குங்க

அப்பாவுக்கு ரூவான் நகரத்துல வரி வசூல் வேலை கிடைச்சுது. அந்த வேலை கிடைச்ச கதையே தனி, அரசாங்கம் பாண்டுக்கு வட்டி கொடுக்காம இழுத்ததை எதிர்த்ததுக்காக எத்தியேன் தலைமறைவா இருக்க வேண்டி வந்துச்சு, சின்னப் பொண்ணு ஜாக்லீன் ராஜாவோட முதல் மந்திரி ரிஷெலியூ முன்னாடி நாடகத்துல நடிச்சு அப்பாவுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்தா. ரூவான்ல ராத்திரி பகலா கூட்டல் போடற அப்பாவைப் பாத்துட்டு பாஸ்கல் 1642ல ஒரு மெஷின் செய்ய ஆரம்பிக்கிறார். அம்பது மாடலுக்கு மேல செஞ்சு பாத்ததா அவரே சொல்றார். 1645ல உலகத்துக்குக் காட்டினார், 1649ல ராஜா உரிமம் கொடுத்தார்.

கஷ்டம் எங்கன்னா, கூட்டும்போது அடுத்த இலக்கத்துக்கு எடுத்துப்போற ஒண்ணு (கேரி). 99999 கூட 1 கூட்டினா அஞ்சு சக்கரமும் ஒரே நேரத்துல திரும்பணும், அதுக்கு விரல் பலம் பத்தாது, பல்லு உடையும். பாஸ்கல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கனமான நெம்புகோல் வச்சார், சக்கரம் 0ல இருந்து 9க்குப் போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும், 9 தாண்டினதும் தன் எடையிலயே கீழ விழுந்து அடுத்த சக்கரத்தை ஒரு தட்டு தட்டும். பலம் விரல்ல இருந்து வரல, கீழ விழற எடையில இருந்து வருது.

ஆனா இதனால சக்கரம் ஒரு பக்கமாத் தான் சுத்தும், அப்போ கழித்தல் எப்படி? நோட்டுல போட்டுப் பாருங்க, 742ல இருந்து 285 கழிக்கணும். 742ஓட ஒவ்வொரு இலக்கத்தையும் 9ல இருந்து கழிங்க, 257 வரும். அதோட 285 கூட்டுங்க, 542. திரும்ப 9ல இருந்து கழிங்க, 457. விடை அதான், கழித்தலைக் கூட்டலாவே முடிச்சாச்சு. இன்னிக்கு கம்ப்யூட்டர் கழிக்கிறதும் இந்த வழிக்கு ரொம்பக் கிட்டத்துல தான்.

இதுக்கு முன்னாடியே, பாஸ்கல் பொறந்த அதே 1623ல, ஜெர்மனியில ஷிக்கார்ட்னு ஒருத்தர் ஒரு கணக்கு மெஷின் பத்தி வானியல் அறிஞர் கெப்ளருக்குக் கடிதம் எழுதியிருக்கார், அதனால "உலகத்தின் முதல் கால்குலேட்டர்"னு அடிச்சுச் சொல்லாதீங்க. ஆனா கடைக்கு வந்து விலைக்கு வித்து, இன்னிக்கு வரைக்கும் சில உருப்படி மிஞ்சியிருக்கறது பாஸ்கலோடது. பாரிஸ்ல கலை தொழில் அருங்காட்சியகத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு.

மூணாவது படி: காத்துக்கு எடை இருக்குன்னு நீங்களே பாருங்க

சிரிஞ்ச் ரெண்டையும் டியூப்ல இணைச்சு தண்ணி ரொப்புங்க, காத்துக் குமிழ் இல்லாம பாத்துக்குங்க. சின்ன சிரிஞ்சை நீங்க அழுத்துங்க, பெரிய சிரிஞ்சை ஒரு பலசாலி ஆளை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. சின்னப் புள்ளை கூட ஜெயிச்சிடும். அடைச்சு வச்ச திரவத்துல ஒரு இடத்துல கொடுக்கற அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாம போகுது, பரப்பு எத்தனை மடங்கு பெருசோ விசையும் அத்தனை மடங்கு, அதுக்குப் பதிலா பெரிய பிஸ்டன் கொஞ்சமாத் தான் நகரும். ஜேசிபி கை மண்ணை அள்றதும் வாட்டர் சர்வீஸ்ல காரை மேல தூக்கறதும் இதே தான். பாஸ்கல் எழுதின இந்தப் பகுதி அவர் இறந்த பிறகு 1663ல தான் அச்சுல வந்துச்சு.

காத்து விஷயம் இன்னும் நல்லா இருக்கும். கண்ணாடிக் குழாய்ல பாதரசம் ரொப்பி பாதரசத் தொட்டியில கவுத்தா முழுக்கக் கொட்டாம ஒரு உயரத்துல நிக்குதுன்னு இத்தாலியில டாரிசெல்லி காட்டியிருந்தார். மேல இருக்கற காலி இடத்துல என்ன இருக்கு, பாதரசத்தைத் தாங்கறது எது? இயற்கை வெற்றிடத்தை வெறுக்குது, அதான் தாங்குதுன்னு பழைய பதில் ஒண்ணு இருந்துச்சு. பாஸ்கல் கேட்டது எளிமையான கேள்வி, வெளியில இருக்கற காத்தோட எடை தான் தாங்குதுன்னா மலை உச்சியில காத்து கம்மி, பாதரசமும் கம்மியா நிக்கணும், இயற்கைக்கு மலை அடிவாரத்துல ஒரு வெறுப்பு உச்சியில ஒரு வெறுப்புன்னு இருக்குமா?

அவருக்கு உடம்பு முடியல. கிளேர்மோன்ல இருந்த அக்கா வீட்டுக்காரருக்கு எழுதினார். 1648 செப்டம்பர் 19, பெரியே ஊர்ப் பெரிய மனுஷங்களைக் கூட்டிக்கிட்டு பியூய் த தோம் மலை ஏறினார். அதுக்கு முன்னாடி கீழ மடத்துத் தோட்டத்துல ஒரு குழாயை அப்படியே விட்டுட்டு, நாள் பூரா அது மாறுதான்னு பாக்க ஒரு சாமியாரை உக்கார வச்சுட்டுப் போனார். கீழ 26 அங்குலம் மூணரை கோடு, அது அந்தக் காலத்து பிரெஞ்சு அளவு. உச்சியில 23 அங்குலம் 2 கோடு. நம்ம கணக்குல எட்டரை சென்டிமீட்டர் கிட்ட இறங்கியிருக்கு. மேல கோயிலுக்குள்ள, வெளியில, காத்துல, மூடுபனியிலன்னு இடம் மாத்தி மாத்தி அளந்தாங்க, ஒரே அளவு. கீழ வந்து பாத்தா சாமியார் பாத்துக்கிட்டிருந்த குழாய் காலையில இருந்து அசையவே இல்ல. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது அந்த ரெண்டாவது குழாய் தான். ஒரு பக்கம் மாத்தி, இன்னொரு பக்கம் மாத்தாம வச்சு ஒப்பிட்டுப் பாக்கற ஒழுங்கு அதுல இருக்கு.

நீங்க செய்ய வேண்டியது, காத்தழுத்த சென்சார் உள்ள போனா இருந்தா ஒரு பாரோமீட்டர் ஆப் போட்டுக்கிட்டு அபார்ட்மென்ட் லிஃப்ட்ல பத்து மாடி ஏறுங்க, மூணு நாலு ஹெக்டோபாஸ்கல் குறையும். புயல் நேரத்துல வானிலை அறிக்கையில மைய அழுத்தம் இத்தனை ஹெக்டோபாஸ்கல்னு சொல்றாங்களே, அது இவர் பேர் தான். 1971ல அழுத்தத்தோட அலகுக்கு இவர் பேரை வச்சாங்க, கடல் மட்டத்துல சராசரி 1013.25 ஹெக்டோபாஸ்கல். மலைப்பாதை பஸ்ல மேல போகப் போக சிப்ஸ் பாக்கெட் உப்புதே, அதைப் பாக்கும்போதும் இவரை நினைச்சுக்குங்க.

நாலாவது படி: பாதியில நின்ன ஆட்டம்

இந்தப் படியை அவசரமா தாண்டாதீங்க, முழுக் கட்டுரையிலயும் நான் ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யச் சொல்லணும்னா இதைத் தான் சொல்வேன்.

1654ல மேரேன்னு ஒரு கனவான், சூதாட்டத்துல பழக்கம் உள்ளவர், பாஸ்கல்கிட்ட கேள்வி கேட்டார். ஒண்ணு பகடைக் கேள்வி. ஒரு பகடையை நாலு தடவை உருட்டினா ஒரு ஆறாவது விழும்னு பந்தயம் கட்டினா லாபம், ரெண்டு பகடையை 24 தடவை உருட்டி ஒரு ஜோடி ஆறு விழும்னு கட்டினா நட்டம், ஏன்? முதல்ல உள்ளதைப் போடுங்க, நாலு தடவையும் ஆறு விழாம போற வழி 625, மொத்த வழி 1296, அப்போ விழற வழி 671, பாதிக்கு மேல. ரெண்டாவது 49 சதவீதத்துக்குச் சொச்சம் வரும், 25 தடவைன்னா பாதியைத் தாண்டிடும். டைஸை எடுத்து உருட்டிப் பாருங்க, ஆனா இந்தச் சின்ன வித்தியாசம் தெரிய ரொம்ப நேரம் உருட்டணும்.

அடுத்தது தான் பெரிய கேள்வி. ரெண்டு பேர் ஆளுக்கு 32 காசு வச்சு ஆடறாங்க, யாரு முதல்ல மூணு ஆட்டம் ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு 64ம். நடுவுல ஆட்டம் நின்னு போச்சு, முதல் ஆள் ரெண்டு ஜெயிச்சிருக்கார், ரெண்டாவது ஆள் ஒண்ணு. பணத்தை எப்படிப் பிரிக்கறது? பாஸ்கல் 1654 ஜூலை 29ல ஃபெர்மாங்கற கணித அறிஞருக்கு எழுதின கடிதத்துல உள்ள வழி இது. அடுத்த ஆட்டம் ஒண்ணு ஆடினதா வச்சுக்குங்க. முதல் ஆள் ஜெயிச்சா 64ம் அவருக்கு. தோத்தா ரெண்டுக்கு ரெண்டு சமம், அப்போ 32. ஆக எது நடந்தாலும் 32 அவருக்கு உறுதி, மீதி 32 பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதனால 16. மொத்தம் 48. ரெண்டாவது ஆளுக்கு 16.

இப்போ அதையே வச்சு பின்னாடி போங்க. ரெண்டுக்குச் சைபர்ல நின்னா? ஜெயிச்சா 64, தோத்தா மேல போட்ட 48, நடுவுல 56. ஒண்ணுக்குச் சைபர்ல நின்னா? ஜெயிச்சா 56, தோத்தா 32, நடுவுல 44. இந்த 44ஐ நோட்டுல வட்டம் போட்டு வைங்க.

அடுத்து முக்கோணத்தை எழுதுங்க, ஒவ்வொரு எண்ணும் மேல உள்ள ரெண்டோட கூட்டல். அஞ்சாவது வரி 1, 4, 6, 4, 1. ஒண்ணுக்குச் சைபர்ல நிக்கிறவருக்கு இன்னும் ரெண்டு வெற்றி வேணும், எதிராளிக்கு மூணு, அதிகபட்சம் நாலு ஆட்டத்துல முடிஞ்சிடும். நாலுல ரெண்டோ மூணோ நாலோ ஜெயிக்கிற வழி 6, 4, 1, கூட்டினா 11. மொத்தம் 16. 64ல பதினாறுல பதினொரு பங்கு எவ்வளவு? 44. வட்டம் போட்ட அதே எண் வேற வழியில வந்து நிக்கும்போது எனக்கு உண்மையிலயே சிலிர்த்துச்சு.

அந்த முக்கோணத்தை இவர் தான் முதல்ல கண்டுபிடிச்சார்னு சொல்லாதீங்க. சீனாவுல, பாரசீகத்துல எல்லாம் முன்னாடியே இருந்துச்சு, நம்ம நாட்டுல பிங்கலரோட யாப்பு நூலுக்கு உரை எழுதின ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டுல இதை மேருப் பிரஸ்தாரம்னு விளக்கியிருக்கார். பாஸ்கல் செஞ்சது அதோட பண்புகளை ஒழுங்கா நிறுவி, பணப் பங்கீட்டுக்குப் பயன்படுத்தினது. இன்னும் நடக்காத ஒண்ணுக்கு இன்னிக்கு என்ன மதிப்புங்கற கேள்விக்குக் கணக்கு வந்தது இந்தக் கடிதங்கள்ல இருந்து தான், இன்சூரன்ஸ் பிரீமியம் போடறவங்க வரைக்கும் அந்த வழி நீளுது.

அஞ்சாவது படி: நெருப்பு ராத்திரி

ஃபெர்மாவோட கடிதப் போக்குவரத்து அக்டோபர்ல முடியுது. அடுத்த மாசம், 1654 நவம்பர் 23, ராத்திரி பத்தரை வாக்குல இருந்து பன்னெண்டரை வரைக்கும் அவருக்கு ஏதோ நடந்துச்சு. அவர் ஒரு தாள்ல எழுதினது மட்டும் தான் நம்மகிட்ட இருக்கு. தேதி, நேரம், அதுக்குக் கீழ தனியா ஒரே ஒரு சொல், நெருப்பு. அப்புறம் ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள், தத்துவவாதிகளோட அறிஞர்களோட கடவுள் இல்லன்னு வருது. மகிழ்ச்சி, மகிழ்ச்சி, ஆனந்தக் கண்ணீர்னு வருது. ஒரு பக்கம் தான், இணையத்துல கையெழுத்துப் படமே கிடைக்கும். அதைப் படிங்க, விளக்கம் தேடாதீங்க இப்போதைக்கு.

இதுக்குப் பின்னணியா ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும். 1646ல அப்பா பனியில சறுக்கி விழுந்து இடுப்பு பிசகிடுச்சு, வைத்தியம் பாக்க வந்த ரெண்டு சகோதரங்க ஜான்சன்ங்கற பிஷப் வழி வந்த கூட்டத்தைச் சேந்தவங்க. மனுஷன் தன் முயற்சியால மட்டும் மீள முடியாது, எல்லாம் கடவுளோட அருள்னு புனித அகுஸ்தினார் வழியில அழுத்திச் சொல்றவங்க அவங்க. மொத்தக் குடும்பமும் அந்தப் பக்கம் சாஞ்சுது. 1651ல அப்பா இறந்தார், தங்கச்சி ஜாக்லீன் அடுத்த வருஷமே அந்தக் கூட்டத்தோட மையமா இருந்த போர் ருவாயல் கன்னியர் மடத்துல சேந்துட்டா. பாஸ்கல் தடுத்துப் பாத்தார், சொத்துப் பங்கு விஷயத்துல மனஸ்தாபம் கூட வந்துச்சு. பின்னாடி அவரே அந்த மடத்துக்குத் தியானம் இருக்கப் போனார்.

இங்க தான் "அதோட கணக்கை விட்டுட்டார்"னு எழுதறாங்க. இல்ல. 1658ல சக்கரத்தோட விளிம்புல ஒரு புள்ளி உருளும்போது போடற வளைவைப் பத்தி ஐரோப்பா பூராவும் போட்டி வச்சார். அதுக்கு பிரெஞ்சுல ரூலெட்னு பேர், அதை வச்சு சூதாட்ட ரூலெட்டையும் அவர் கணக்குல சேத்துடறாங்க, ரெண்டும் வேற. அந்தக் காலத்துல அவர் போட்ட வடிவியல் படங்களைப் பாத்துத் தான் பின்னாடி ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸுக்கு நுண்கணிதத்துல ஒரு முக்கியமான யோசனை வந்துச்சு.

ஆறாவது படி: கடிதங்கள்ல எதை மட்டும் படிக்கணும்

1656 ஜனவரி 23ல இருந்து அடுத்த வருஷம் மார்ச் வரைக்கும் புனைபேர்ல 18 கடிதம் ரகசியமா அச்சாகி வந்துச்சு, "மாகாணக் கடிதங்கள்"னு சொல்வாங்க. போர் ருவாயலைச் சேந்த இறையியல் அறிஞர் ஆர்னோவை சோர்பான் பல்கலைக்கழகம் கண்டிச்சப்போ ஆரம்பிச்சு, சேசு சபைக்காரங்க (ஜெசூட்னு சொல்ற கத்தோலிக்கத் துறவிகள்) பாவசங்கீர்த்தனத்துல பாவத்தை எப்படிச் சின்னதாக்கறாங்கன்னு போட்டுக் கிழிச்சது. முதல் மூணு கடிதம் அந்தக் கால இறையியல் சண்டை, புதுசுக்குத் தலை சுத்தும், விட்டுடுங்க. அஞ்சும் ஏழும் படிங்க. ஏழாவதுல நோக்கத்தைத் திருப்பறதுன்னு ஒரு வித்தை வரும், சண்டை போடப் போறேன்னு நினைக்காம வயல்ல காலாற நடக்கப் போறேன்னு நினைச்சுக்கிட்டுப் போ, ஆள் வந்து தாக்கினா தற்காப்பு தானே. ஒரு பாதிரியார் இதை அப்பாவியா பெருமையா சொல்லிக்கிட்டே போக, கேட்டுக்கிட்டு இருக்கறவர் மேல மேல கேள்வி கேக்க, அந்த நடை இன்னிக்கும் புதுசா இருக்கு.

அஞ்சாவதுல நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு வருது. இந்தியா, சீனா பக்கம் சேசு சபைக்காரங்க, கிறிஸ்தவங்க துணிக்குள்ள இயேசு படத்தை மறைச்சு வச்சுக்கிட்டு வெளியில சிலையை வணங்கலாம்னு விட்டுடறாங்கன்னு பாஸ்கல் சாடறார். மதுரையில காவி கட்டி, தமிழும் சமஸ்கிருதமும் கத்து, இங்க உள்ள வழக்கத்தோட சேந்து வாழ்ந்த ராபர்ட் தெ நொபிலி மயிலாப்பூர்ல இறந்தது அதே 1656 ஜனவரியில. நொபிலி பேர் கடிதத்துல இல்ல. ஆனா ஊர் வழக்கத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்ங்கற அந்தச் சண்டையில நம்ம மண்ணும் இருந்துச்சு, எனக்கு இந்த இடத்துல பாஸ்கல் நியாயமா பேசினதாத் தோணல. தூரத்துல இருந்துக்கிட்டு, எதிரியோட வார்த்தைகளைத் தனக்கு வேண்டிய மாதிரி பொறுக்கி எடுத்துப் பேசறார். அதைத் தெரிஞ்சுக்கிட்டே படிங்க, அவர் நடைக்காகவும் கோபத்துக்காகவும் படிங்க.

ஏழாவது படி: சிந்தனைகள்

இப்போ திறங்க. முதல்ல இது எழுதி முடிச்ச புத்தகமே இல்லன்னு தெரிஞ்சுக்கணும். கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஆதரவா ஒரு பெரிய நூல் எழுதத் திட்டம் போட்டு, பெரிய தாள்கள்ல எழுதி, கத்தரியால வெட்டி, தலைப்பு வாரியா நூல்ல கோத்துக் கட்டு கட்டா வச்சிருந்தார். 27 கட்டுக்குத் தலைப்பு உண்டு, மீதி கலைஞ்சு கிடந்துச்சு. 1670ல போர் ருவாயல் நண்பர்கள் தங்களுக்குச் சரின்னு பட்டதை வெட்டி ஒட்டி வெளியிட்டாங்க.

அதனால நம்பர் குழப்பம் வரும், புதுசுகள் இங்க தான் மாட்டிக்கிறாங்க. பிரன்ஷ்விக்னு ஒரு பதிப்பாசிரியர் 1897ல தன் யோசனைப்படி தலைப்புப் பிரிச்சு எண் போட்டார். லஃபூமாவும் செல்லியேவும் பாஸ்கல் இறந்த உடனே எடுத்த ரெண்டு நகல்ல ஆளுக்கு ஒண்ணை வச்சு வேற வேற எண் போட்டாங்க. இணையத்துல இலவசமா கிடைக்கிற டிராட்டரோட பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு பிரன்ஷ்விக் எண், கிரெய்ல்ஷைமர் மொழிபெயர்ப்பு லஃபூமா எண், ஏரியூ மொழிபெயர்ப்பு செல்லியே எண். யாராவது "233வது சிந்தனை"ன்னு சொன்னா எந்த எண்ணுன்னு கேளுங்க. நான் கீழ சொல்றது எல்லாம் லஃபூமா.

பந்தயத்துல ஆரம்பிக்காதீங்க. 136ல ஆரம்பிங்க, மனுஷனால ஒரு அறையில சும்மா உக்கார முடியல, அதுல இருந்து தான் எல்லாத் துன்பமும்னு வரும். வேட்டைக்குப் போறவனுக்கு முயல் வேணாம், வேட்டை தான் வேணும், முயலைக் காசுக்கு வாங்கிக் கொடுத்தா வாங்க மாட்டான். ஒரு தடவை படிச்சுட்டு போனை வேற அறையில வச்சுட்டு அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. அடுத்து 47, நாம நிகழ்காலத்துல வாழறதே இல்லங்கறது. அப்புறம் 44, எவ்வளவு பெரிய தத்துவவாதியா இருந்தாலும் பாதாளத்து மேல தேவைக்கு மேல அகலமான பலகையில நிக்க வச்சா கை கால் நடுங்கும்.

199 ரொம்பப் பெருசு, மெதுவா படிங்க. ஒரு பக்கம் அண்டம், இன்னொரு பக்கம் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி, அதோட காலுல ரத்தம், ரத்தத்துல துளி, அந்தத் துளிக்குள்ள இன்னொரு அண்டம், நடுவுல மனுஷன். உடனே 200, மனுஷன் ஒரு நாணல், ஆனா யோசிக்கிற நாணல். 201 ஒரே வரி, இந்த முடிவில்லாத வெளிகளோட மௌனம் என்னைப் பயமுறுத்துது. குழாய்ல வெற்றிடத்தை அளந்த ஆள் எழுதினதுன்னு தெரிஞ்சு படிக்கும்போது இந்த வரி எப்படி கனக்குதுன்னு பாருங்க.

"இதயத்துக்கு அதுக்குன்னு காரணங்கள் இருக்கு" 423ல இருக்கு, காதலர் தின வாழ்த்து அட்டையில எல்லாம் வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி 110ஐப் படிச்சிடுங்க. வெளிக்கு மூணு பரிமாணம், எண்களுக்கு முடிவில்லைன்னு நமக்குத் தெரியறது இதயத்தாலன்னு சொல்றார். நிரூபிக்க முடியாத, ஆனா அதை வச்சுத் தான் மத்ததை நிரூபிக்க முடியும்ங்கற அடிப்படைகளை நேரா உணர்றதைத் தான் அவர் இதயம்ங்கறார். காதல் உணர்ச்சியை வச்சு அவர் பேசவே இல்ல.

இதுக்கெல்லாம் அப்புறம் 418, பந்தயம். இதைக் கடவுள் இருக்கறதுக்கு நிரூபணம்னு சொல்றவங்களை நம்பாதீங்க, அறிவால முடிவு பண்ண முடியாதுன்னு தான் அவர் ஆரம்பிக்கவே செய்றார். ஆனா வாழ்ந்துக்கிட்டு இருக்கறதாலயே நீ ஏற்கனவே ஆட்டத்துல இருக்கே, ஒதுங்கி நிக்க முடியாது. வைக்கிறது ஒரு ஆயுசு, கிடைக்கக் கூடியது முடிவில்லாதது, வாய்ப்பு சைபர் இல்லன்னா போதும். நாலாவது படியில நீங்க போட்ட கணக்கைத் திருப்புங்க, நடுவுல நின்ன ஆட்டத்துக்கு இன்னிக்கு மதிப்பு என்னன்னு கேட்ட அதே கை இதை எழுதியிருக்கு. அங்க 64 காசு இருந்த இடத்துல இங்க முடிவிலி.

எதிர்வாதமும் இருக்கு. எத்தனையோ மதம் இருக்கே, எந்தக் கடவுள் மேல கட்டறது? லாபத்துக்காக நம்பறது நம்பிக்கையா? ரெண்டும் கனமான கேள்வி, முதல் கேள்விக்கு அந்தப் பகுதியில பதில் கிடைக்கல எனக்கு. ரெண்டாவதுக்கு ஏதோ ஒரு பதில் இருக்கு. கணக்கு புரியுது ஆனா நம்ப முடியலயேன்னு எதிர்ல உள்ளவர் சொல்றார். அப்போ பாஸ்கல் இன்னொரு கணக்கு காட்டல, ஏற்கனவே நம்பறவங்க செய்றதைச் செய், தீர்த்தம் தொடு, பூசைக்குப் போங்கறார். உடம்பு பழகினா மனசு பின்னாடி வரும்னு நினைச்சார். நீங்க ஒத்துக்கலன்னாலும் பரவாயில்ல, அந்த இடத்துல வாதம் நின்னு போய் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன்கிட்ட பேசற தொனி வர்றதைக் கவனிங்க.

எட்டாவது படி: கடைசி வருஷம்

ஜில்பேர்த் எழுதின வாழ்க்கைக் குறிப்பை இப்போ தான் படிக்கணும், முதல்லயே படிச்சா அவரை ஒரு புனிதராத் தான் பாப்பீங்க. 1661 அக்டோபர்ல ஜாக்லீன் இறந்துட்டா. போர் ருவாயல்காரங்க எல்லாரும் ஜான்சன் கருத்தைக் கண்டிக்கிற ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போடணும்னு அரசாங்கமும் திருச்சபையும் நெருக்கின நேரம், மனசுக்கு ஒப்பாம கையெழுத்துப் போட்ட வேதனையிலயே போயிட்டாள்னு சொல்வாங்க.

அடுத்த மார்ச்ல பாஸ்கல் செஞ்சதைப் பாருங்க. 1662 மார்ச் 18, பாரிஸ்ல குறிப்பிட்ட வழித்தடத்துல, குறிப்பிட்ட நேரத்துக்கு, ஆள் இருந்தாலும் இல்லன்னாலும் கிளம்பற குதிரை வண்டி, யாருக்கும் டிக்கெட் அஞ்சு சூ காசு. நண்பர் ருவானே பிரபுவோட சேந்து ஆரம்பிச்சது, நகரப் பஸ்ஸுக்கு முன்னோடி. முதல் வாரமே வண்டி ரொம்பி நிக்காம போச்சு, காத்துக்கிட்டு நின்னவங்க திட்டினாங்கன்னு ஜில்பேர்த் ஒரு கடிதத்துல எழுதியிருக்கா. வேலைக்காரங்களையும் சிப்பாய்களையும் ஏத்தக் கூடாதுன்னு பாரிஸ் நீதிமன்றம் போட்ட நிபந்தனை எனக்கு வருத்தமா இருக்கு. ஏன்னா பாஸ்கல் தன்னோட பங்கு லாபத்தை ப்ளுவா ஊர்ப் பக்கம் பஞ்சத்துல கிடந்த ஏழைங்களுக்கு அனுப்பத் தான் நினைச்சிருந்தார்.

அந்தக் கோடையில அவர் வீட்டுல தங்க வச்சிருந்த ஒரு ஏழைக் குடும்பத்துல குழந்தைக்கு அம்மை போட்டுடுச்சு. அக்கா தினமும் தம்பியைப் பாக்க வர்றா, அவளுக்குக் குழந்தைங்க இருக்கு, தொத்திக்கும். அந்தக் குடும்பத்தை வேற இடத்துக்கு அனுப்பிடலாம்னு சொன்னப்போ, என்னை மாத்தறது அந்தக் குழந்தையை மாத்தறதை விட ஆபத்து கம்மின்னு தானே கிளம்பி அக்கா வீட்டுக்குப் போயிட்டார். அங்கேயே ஆகஸ்ட் 19ல இறந்தார். பாரிஸ்ல செயின்ட் எத்தியேன் த்யு மோன் கோயில்ல அடக்கம்.

சில நாள் கழிச்சு துணிமணியை ஒழுங்குபடுத்தின வேலைக்காரர் மேல்சட்டை உள்பக்கம் ஒரு இடம் தடிமனா இருக்கறதைப் பாத்து தையலைப் பிரிச்சார். உள்ள ஒரு தோல் ஏடு, அதுக்குள்ள மடிச்சு வச்ச ஒரு தாள், மேல தேதி, 1654 நவம்பர் 23, திங்கக்கிழமை. எட்டு வருஷமா சட்டை மாத்தும்போதெல்லாம் தானே பிரிச்சு தானே திரும்பத் தைச்சிருக்கார், வீட்டுல யாருக்கும் தெரியாது.